மடியில் வந்த களை

மாசி மாதத்தில் கரிசல்காட்டைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள், இனிமேல் புரட்டாசி வரைக்கும் இங்கே யாருக்கும் வேலை இல்லை என்று முடிவு செய்துவிடுவார்கள். கம்பும் சோளமும் வீடு வந்து சேர்ந்திருக்கும். உளுந்தும் பாசியும் அடித்துத் தூற்றியாகியிருக்கும். பருத்தி மட்டும் கடைசி எடுப்புக்காக அங்கங்கே நிற்கும். ஈரம் வற்ற வற்ற நிலம் முதலில் மயிரிழையாகக் கீறும். பங்குனி பிறப்பதற்குள் விரல் நுழையும். சித்திரையில் முழங்கை வரை உள்ளே விடலாம். காசு விழுந்தால் விழுந்ததுதான்.

எங்கள் ஆச்சிக்கு அடுத்த வருஷத்துக் களையெடுப்பு அந்த மாசியில்தான் தொடங்கும். "ஐப்பசியில நாம எத்தன தடவ குனியணும்கிறது மாசியிலயே தெரிஞ்சிரும்ட்டி" என்பாள். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டுக்குத் தெற்கே எங்களுக்கு மானாவாரிப் புஞ்சை இருந்தது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பொழி வழியாக நடந்துபோய், எந்த மூலையில் அருகு படர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் கோரை தலைகாட்டியது என்று பார்த்துக்கொண்டே வருவாள். பயிர் இருக்கும்போது கண்ணுக்குப் படாதது வெறுங்காட்டில் தெரியும். பார்த்துவிட்டு வந்து தாத்தாவிடம் சொல்வாள். அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும்.

அருகு வெட்டுவது ஆண்களின் வேலை. கடப்பாரை இல்லாமல் நடக்காது. அருகம்புல்லுக்கு மேலே படர்கிற கொடி ஒன்று, மண்ணுக்குள் ஓடுகிற தண்டு ஒன்று என்று இரண்டு வழி உண்டு. கணுவுக்குக் கணு வேர் விடும். ஈரத்தில் ஏரைப் பூட்டி அதன் மேல் உழுதால் ஒன்றைப் பத்தாக நறுக்கி நாமே நட்டு வைத்தது போல ஆகிவிடும். ஆகவே மண் காய்ந்து இறுகிய பிறகு, வெடிப்புக்குள் கடப்பாரையை விட்டு நெம்பி, பாளம் பாளமாகப் பெயர்த்து, வேர் வானத்தைப் பார்க்கிற மாதிரிப் புரட்டிப் போட வேண்டும். பங்குனி, சித்திரை வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். பாளம் நன்றாகக் காய்ந்து உதிர்கிற பக்குவத்தில் பெண்கள் போய் மண்ணை உதறி, வற்றிய வேர்த்தண்டை அள்ளிப் பொழியில் குவிப்பார்கள். கோரைக்கும் இதே வைத்தியம்தான். அதன் கிழங்குகள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கும். மேலே இலையைப் பிடுங்கினால் கிழங்கு மறுநாளே வேறு முளை விடும். ஈரம் இல்லாமல் சில வாரம் வெயிலில் கிடந்தால்தான் கிழங்கு சாகும். உலகத்தின் மிக மோசமான களைகளைப் பட்டியல் போட்டவர்கள் கோரையைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள் என்று பிற்காலத்தில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆச்சி அதை எப்போதோ சொல்லிவிட்டாள், வேறு பாஷையில், அச்சிட முடியாத அடைமொழியோடு.

இந்த வெட்டு வேலைக்குப் பிறகு, சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தால் உடனே ஏர் பூட்ட வேண்டும். காய்ந்த கரிசலில் நாட்டுக் கலப்பை இறங்காது. நனைந்து ஊறிய கரிசலில் மாடு இறங்காது. இடையில் ஒன்றிரண்டு நாள்தான் பதம். அந்த மழைக்கு முளைத்த களைக்குஞ்சுகளை உழவு சாய்த்துவிடும், வெயில் சுட்டுவிடும். விதைப்புக்கு முன்பே ஒரு தலைமுறைக் களை ஒழிந்தது. தாத்தாவோ அந்த மாதங்களில் மாட்டை வண்டியில் பூட்டிப் பாரம் அடிக்கப் போய்விடுவார். பருத்தியும் பருத்திமாரும் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் போனால் கையில் ரொக்கம் புழங்கும். உழவுக்குக் காசு யார் தருவார்? மழை விழுந்த அன்று மாடு எங்கோ ரோட்டில் இருக்கும். அவர் திரும்பி வரும்போது பதம் தப்பியிருக்கும். "இந்த வருசம் போகட்டும்" என்பார். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். சத்தமாக வைப்பாள்.

ஏன் அவளுக்கு அத்தனை கோபம் என்று புரிய நான் வளர வேண்டியிருந்தது. கோடையில் ஆண்கள் விட்ட உழவை ஐப்பசியில் பெண்கள் முதுகால் உழுவார்கள். அதுதான் கணக்கு. அந்தக் கணக்கை எந்த வேளாண்மைப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. ஊர்க்காரர்களுக்கு அது 'சர்க்கார் பண்ணை'. கருங்கண்ணிப் பருத்தியில் அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ரகங்கள் இந்தக் கரிசல் முழுக்க வெள்ளையாகப் பூத்தன. கோடை உழவு போடுங்கள் என்று பண்ணைக்காரர்களும்தான் சொன்னார்கள், மண்ணில் மழை இறங்கும், புழுக்கூடு வெயிலில் சாகும், களை குறையும் என்று. மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்களே. இங்கே வருஷத்துக்கு 700 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். முதல் மழையின் ஈரத்தையே விதை பிடித்துக்கொண்டால் லாபம். ஆனால் அதே முதல் மழைக்குக் களையும் விதையோடு சேர்ந்தே எழும். கோடையில் சுத்தம் செய்யாத காட்டில் புழுதி விதைப்பு போட்டால் பயிரைக் களைக்குள் தேட வேண்டியதுதான்.

ஐப்பசிக் களையெடுப்புக்கு ஆச்சியோடு போவேன். பள்ளிக்கூட லீவு, மழை லீவு, காய்ச்சல் என்று பொய் சொன்ன லீவு எல்லாம் அதில் சேரும். நனைந்த கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு எட்டு வைப்பதற்குள் காலோடு இன்னொரு கால் முளைத்துவிடும். பாதத்தில் அப்பிய மண்ணைக் குச்சியால் வழித்து எறிந்துவிட்டு மறுபடி நடக்க வேண்டும். ஆகையால் மழை வெறித்து மூன்று நாலு நாளாவது காய விடுவார்கள். அதற்கு மேல் விட்டால் மண் இறுகிக் களை வேரோடு வராது, கழுத்தோடு அறுந்துவரும். எல்லாப் புஞ்சைக்கும் ஒரே சமயத்தில் பதம் வரும் என்பதால் ஊர் முழுக்க ஆள் தேடும். முதல் நாள் ராத்திரியே வீடு வீடாகப் போய் "நாளைக்கு எங்க காட்டுக்கு வந்திருங்க மதினி" என்று சொல்லி வைப்பாள் ஆச்சி. வெற்றிலை கொடுத்துச் சொல்கிற வழக்கமும் இருந்தது.

நிரை பிடித்து உட்காருவார்கள். ஆளுக்கு நாலைந்து சால். கையில் சுரண்டி. இடது கை செடியை விலக்கும், வலது கை சுரண்டும். பருத்திக்கன்றையும் துத்தியையும் பிரித்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. இரண்டும் இளசில் ஒன்று போலத் தெரியும். நான் உட்கார்ந்த நிரைக்குப் பின்னால் ஆச்சி ஒருதரம் வந்து பார்த்துக்கொள்வாள். சாரணையை மட்டும் பிடுங்கிய இடத்தில் போட விடமாட்டாள். சதைப்பற்றான தண்டு. ஈரமண்ணில் கிடந்தால் படுத்தபடியே வேர் விட்டுவிடும். அதைக் கூடையில் சேர்த்துப் பொழிக்குக் கொண்டுபோக வேண்டும். நெருஞ்சியைப் பூக்கும் முன்னால் எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் காலில் தைக்கும். அருகின் துண்டு ஒன்று கூடக் காட்டுக்குள் கிடக்கக் கூடாது, தனியாக முடிந்து மாட்டுக்குப் போகும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை.

மத்தியானம் கஞ்சிக்கு எழுந்திருக்கும்போது கவனித்தால், ஒவ்வொருத்தி மடியும் புடைத்திருக்கும். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, இளம் சாரணை. யாரும் அதற்கென்று தேடிப் பறிக்க மாட்டார்கள். கை களையெடுத்துக்கொண்டே போகும், அதில் பாதி பொழிக்கும் பாதி மடிக்குமாகப் பிரியும். எது எந்தப் பக்கம் என்று அவர்கள் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. கூலி ஒரு பக்கம், இந்த மடி ஒரு பக்கம். புஞ்சைக்காரர் அதைக் கேட்கக் கூடாது, கேட்டால் மறுநாள் ஆள் வராது. ராத்திரி ஊருக்குள் நடந்தால் வீட்டுக்கு வீடு கீரை துவட்டுகிற வாசம் வரும். தொய்யக்கீரையைப் பாசிப்பருப்போடு போட்டுக் கடைந்து குதிரைவாலிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்ட ருசியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும். பண்ணைக்கீரை கொஞ்சம் சொரசொரப்பு. அதற்குப் புளி வேண்டும். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அருகு கூட வீணாகாது. காய்ந்த வேர்த்தண்டை மாடு தின்னும். பசும்புல்லைப் பிள்ளையாருக்கு முடிந்து சாத்துவார்கள். கடப்பாரை போட்டு வெட்டிச் சபித்த அதே புல்லை வெள்ளிக்கிழமை சாமிக்குக் கொண்டுபோவதில் யாருக்கும் முரண்பாடு தெரிந்ததில்லை. கோரைக்கிழங்கை அரைத்துக் குளியல்பொடியில் சேர்ப்பார்கள். எதற்கும் ஆகாத களை என்று எனக்கு நினைவு தெரிந்து வந்தது பார்த்தீனியம் ஒன்றுதான். ஐம்பதுகளில் புனேயில் முதலில் கண்ணில் பட்டு, அமெரிக்கக் கோதுமையோடு கப்பலேறி வந்ததாகச் சொல்லப்படுகிற செடி. எங்கள் பக்கம் ரோட்டோரமாகத்தான் நுழைந்தது. ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பிடுங்கிய கை ராத்திரி முழுக்கச் சொறியும். ஆச்சி அதற்குப் பேர் வைக்கவே மறுத்துவிட்டாள்.

பிறகு தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகின. வெயிலில் குனிய வேண்டாம், நிழலில் உட்கார்ந்து கட்டை அடுக்கலாம், பெட்டி ஒட்டலாம், வாரக்கூலி கைக்கு வரும். எந்தப் பெண்தான் காட்டுக்கு வருவாள்? என் அம்மா காலத்திலேயே களைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. களையெடுப்பைப் பற்றி இனிமையாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். அவர்கள் வரப்பில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆச்சியின் முதுகு கடைசி வருஷங்களில் நிமிரவே இல்லை.

இப்போது அந்தப் பக்கம் போனால் விளாத்திகுளம் வரைக்கும் மக்காச்சோளம். விதைத்த இரண்டு மூன்று நாளுக்குள் அட்ரசின் தெளித்துவிடுகிறார்கள். அகல இலைக் களைகள் முளைவிடும்போதே கருகிப்போகும், மக்காச்சோளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு குறுக்கத்தை ஓர் ஆள் காலைக்குள் முடித்துவிடலாம். ஒரு சிக்கல் உண்டு. ஊடே உளுந்தோ பாசியோ போட்டால் அந்த மருந்துக்கு அதுவும் சாகும். பயறு கலந்து விதைக்கிறவர்கள் அட்ரசினைத் தொடக் கூடாது, வேண்டுமானால் பெண்டிமெத்தலின் அடியுங்கள் என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. பெரும்பாலோர் மருந்தை மாற்றுவதற்குப் பதில் பயறை விட்டுவிட்டார்கள். தொய்யக்கீரை போன இடத்தை யாரும் கேட்கவில்லை. அதற்கு மார்க்கெட்டில் விலையே இருந்ததில்லையே.

டாலஸ் நகருக்கு வடக்கே ப்ளேனோவில் என் மகள் வீடு வாங்கிய பிறகு, ஒரு மாசி மாதம் நானும் என் கணவரும் போயிருந்தோம். விமானத்திலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில், ஏதோ கட்டடத்துக்குத் தோண்டிப் போட்டிருந்த மண்ணைப் பார்த்து அவர் காரை நிறுத்தச் சொன்னார். கறுப்பு மண். இறங்கி ஒரு கட்டியை எடுத்துக் கையில் பிசைந்து பார்த்தார். "நம்ம மண்ணு" என்றார். மாப்பிள்ளை சிரித்தார். ஆனால் விஷயம் அதுதான். வடக்கே டாலஸைத் தாண்டியதிலிருந்து தெற்கே சான் அன்டோனியோ பக்கம் வரை ஓடுகிற கரிசல் பட்டை அது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஒரு காலத்தில் முழுக்கப் பருத்தி விளைந்த பூமி. கோவில்பட்டியில் வீடு கட்டுகிறவர்கள் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு மணலும் சரளும் கொட்டி அஸ்திவாரம் போடுவார்கள், அப்படியும் சுவர் விரியும். அங்கே கோடையில் வீட்டைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள், மண் சுருங்கக் கூடாதென்று. செடிக்கு இல்லை, வீட்டுக்கு!

அந்தத் தெருவில் வீட்டுக்கு முன்னால் எல்லாம் வைக்கோல் நிறத்தில் புல்வெளி. குளிரில் உறங்குகிறது, வெயில் வந்தால் பச்சையாகும் என்றாள் மகள். நான் குனிந்து ஒரு கொடியைப் பிடித்து இழுத்தேன். கணுவுக்குக் கணு வேர். பெர்முடா புல் என்றார்கள். எனக்குக் கடப்பாரைதான் ஞாபகம் வந்தது. அத்தனை பெரிய தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு, அருகை வளர்க்கிறார்கள்!

அவர்களுக்கும் மாசி, பங்குனியில்தான் களை வேலை. மண்ணின் சூடு 55 பாரன்ஹீட்டை, நம் கணக்கில் சுமார் 13 டிகிரியை, தொடும்போது நண்டுப்புல் என்று அவர்கள் சொல்கிற ஒருவகைப் புல்லின் விதை முளைக்கத் தொடங்கும். அதற்குள் முளைதடுப்பு மருந்தைத் தூவி நீர் விட்டுவிட வேண்டும். தாமதித்தால் வருஷம் முழுக்கக் குனிய வேண்டும். மண்ணில் செருகுகிற வெப்பமானி இல்லாதவர்கள் மஞ்சளாகப் பூக்கிற ஒரு புதர்ச்செடியைப் பார்த்து நாள் குறிப்பார்களாம். எங்களுக்கு வேம்பு பூப்பது மாதிரி. மருந்துக்கு முன்னால் காய்ந்த புல்லை ஒட்ட வெட்டி, காகிதப் பைகளில் கட்டித் தெருவில் வைத்தால் நகராட்சி வண்டி வந்து எடுத்துப்போகும். பை பையாக மாட்டுத் தீனி. எனக்கு மனசு கேட்கவில்லை. யாரிடம் சொல்வது?

மாப்பிள்ளை மருந்துப் பையை வாங்கிவந்து கார் நிறுத்துமிடத்தில் வைத்திருந்தார். வேலை இல்லாதவள் எதையும் வாசிப்பாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்மானம் போட்டிருந்தது. பெண்டிமெத்தலின். கோவில்பட்டி உரக்கடையில் உளுந்துக்குக் கேட்டு வாங்குகிற அதே மருந்து! இரண்டு ஊரிலும் அது செய்கிற வேலை ஒன்றுதான், முளைக்கிற விதையின் வேரையும் குருத்தையும் வளரவிடாமல் முடக்குவது. மண்ணில் ஈரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். ப்ளேனோவில் குழாயைத் திறந்துவிட்டால் ஈரம். மானாவாரிக்காரன் மருந்து அடித்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். மழை தவறினால் மருந்துக் காசும் சேர்ந்து போகும்.

ஒருநாள் காலை வேலி ஓரத்தில் மஞ்சள் பூவோடு ஒரு கீரை. இலை பல்பல்லாக வெட்டுப்பட்டிருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் கீரையாகவும் மருந்தாகவும் கூடவே கொண்டுவந்த செடி, இப்போதும் கடையில் கட்டுக்கட்டாக விற்கிறது என்று மகள்தான் சொன்னாள். கை தானாக நாலு இலையைக் கிள்ளி முந்தானைக்குப் போயிற்று. "அம்மா, அதைத் தொடாதீங்க. பக்கத்து வீட்டுல நேத்துதான் அடிச்சாங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். பார்த்தால், அந்தப் புல்லில் சிறு மஞ்சள் கொடி ஒன்று குத்தியிருந்தது, பிள்ளைகளும் நாய்களும் மிதிக்க வேண்டாம் என்று. கீரையைக் கடையில் காசு கொடுத்து வாங்கினோம். கசப்பு. பருப்புப் போட்டுக் கடைந்ததில் ஓரளவு வழிக்கு வந்தது.

அருகு எப்படிப் புல்வெளி ஆயிற்று என்று தேடிப் படித்தேன். ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரின் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1936-இல் கிளென் பர்ட்டன் என்பவர் வந்து சேர்ந்தார். பருத்தி நாடு. அங்கேயும் அருகுதான் பருத்திக்காரர்களின் பரம விரோதி. பர்ட்டன் அதை ஒழிக்க முயலவில்லை. தேர்ந்தெடுத்து, வேறு இனத்தோடு ஒட்டுச்சேர்த்து, முதலில் மாட்டுத் தீவனமாகவும் பிறகு மைதானப் புல்லாகவும் ஆக்கினார். 1960-இல் வந்த அவருடைய டிஃப்வே ரகம் இன்றைக்கும் மைதானங்களிலும் வீட்டு வாசல்களிலும் விரிந்து கிடக்கிறது. இதோடு முடிந்திருந்தால் எனக்கு அது ஒரு தகவல் மட்டும். அதே பர்ட்டன் கம்பிலும் வேலை செய்தவர். அவர் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டுக் கம்பு இந்தியாவுக்கு வந்து, அதை வைத்துத்தான் லூதியானாவில் நாட்டின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி.1 உருவாகி 1965-இல் வெளிவந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அந்த வரிசைக் கம்புகளை வடக்கே வாரிக்கொண்டு போனது வேறு கதை. எங்கள் வீட்டுக் கம்மங்கஞ்சிக்கும் ப்ளேனோ வாசலுக்கும் நடுவில் ஒரே ஆள் நிற்கிறார் என்பது அந்த வெட்டிப் பொழுதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். கணவரிடம் சொன்னேன். "அப்ப நாமளும் வாசல்ல புல்லு போடலாம்கிற" என்றார். நான் சொன்னது அது இல்லை.

ஊர் திரும்பியும் அவருக்கு அந்த ஆசை அடங்கவில்லை. இளையரசனேந்தல் ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. முன்வாசலில் செவல் மண் அடித்துக் காலியாகக் கிடந்தது. நர்சரிக்காரர் அளவெடுக்க வந்தார். கொரியன் புல், மெக்சிகன் புல், பெர்முடா என்று மூன்று சொன்னார். கடைசியில் சொன்னதற்கும் சதுர அடிக்கு விலை வைத்திருந்தார். அருகுக்கு விலை சொல்லி என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. ஆச்சி இருந்திருந்தால் எட்டயபுரம் ரோட்டுக் காட்டையே அவர் தலையில் கட்டியிருப்பாள். "தண்ணி எவ்வளவு விடணும் தம்பி?" என்றேன். கோடையில் தினமும் என்றார். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று நாள் எண்ணுகிற ஊர் இது. வந்த அன்று தொட்டி, டிரம், குடம், கடைசியில் சோறு வடிக்கிற பானை வரை நிரப்பி வைக்கிறோம். கணவரே எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஹாக்கிக்குப் பேர் போன ஊரில் புல்லைப் பற்றி நான் பேசுவது கூட வேடிக்கைதான். எங்கள் பையன்கள் தலைமுறை தலைமுறையாகப் பொட்டல் மண்ணில்தான் பந்தை உருட்டினார்கள். உலகம் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்லை விட்டுச் செயற்கைத் தரைக்குப் போனது. ரொம்பக் காலம் கழித்துக் கோவில்பட்டிக்கும் அந்தத் தரை வந்தது. 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் இந்த ஊர்ப் பையன். புல்லை நடுவில் சந்திக்காமலேயே மண்ணிலிருந்து நேராக அங்கே போய்விட்டோம்.

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இரண்டு மனை காலியாகக் கிடக்கிறது. உடையவர் வெளியூரில் இருக்கிறார். மண் மாற்றாத அசல் கரிசல். அதில் யாரும் மருந்து அடித்ததில்லை. போன ஐப்பசியில் மழை வெறித்த நாலாம் நாள், ஊரிலிருந்து என் பெரிய அண்ணன் வீட்டு மதினி வந்தவர்கள், மாடிப்படியில் நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் செருப்பைக் கூடப் போடாமல் இறங்கிவிட்டார்கள். "ஏ தாயி, தொய்யக்கீர கிடக்கு பாரு, தரையெல்லாம் கிடக்கு" என்று அங்கிருந்தே சத்தம். அவர்கள் காட்டில் இப்போது மக்காச்சோளம். கீரை கண்ணில் பட்டு எத்தனையோ வருஷம் ஆகிறதாம். எழுபது வயதில் குந்தி உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து பறித்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். எனக்கு முழங்கால் மடங்காது என்பதால் ஒரு முக்காலி போட்டுக்கொண்டேன். மதினி அதைப் பார்த்துச் சிரித்ததில் பாதிக் கீரை மடியிலிருந்து கொட்டியது. பார்த்தீனியத்தை மட்டும் நான் கையுறை போட்டுக்கொண்டு தனியாகப் பிடுங்கி வைத்தேன், பூப்பதற்கு முன்னால்.

மார்கழியில் மனைக்காரர் வந்தார். புதர் மண்டிவிட்டது, யாராவது குறை சொல்வதற்குள் களைக்கொல்லி அடித்துவிடப் போகிறேன் என்றார். கிளைபோசேட்டை இப்போது கண்டவர்களும் அடிக்கக் கூடாது, பூச்சி ஒழிப்பு உரிமம் உள்ளவர்கள் மூலமாகத்தான் அடிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022-லேயே உத்தரவு போட்டிருக்கிறது என்றேன். வாத்தியார் உத்தியோகத்தின் மிச்சம், சட்டத்தைச் சொன்னால்தான் நம்புவார்கள். பங்குனி வரை பொறுங்கள், காய்ந்த பிறகு என் செலவில் ஒரு டிராக்டர் உழவு போட்டுத் தருகிறேன், ஆனால் ஐப்பசியில் மட்டும் இந்தப் பக்கம் மருந்தோடு வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் மனையை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார்.

"சரி டீச்சர். பாம்பு வந்தா எங்கிட்டச் சொல்லக் கூடாது" என்றார்.